வடசென்னையில் பேரிடர் மேலாண்மை வேலை: எங்கிருந்து ஆரம்பிப்பது?

கொருக்குப்பேட்டை_குமார்
எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு இப்போது ஒரு மருந்துக்கடையில் கணக்கு பார்க்கிறேன். பேரிடர் மேலாண்மையில் வேலை பார்க்க ஆசை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சமயத்தில் எங்கள் ஏரியா மாநகராட்சிப் பள்ளியில் முகாம் போட்டிருந்தார்கள். சாப்பாடு பரிமாறலாம் என்று போனவன், எந்தக் குடும்பத்துக்கு எத்தனை பாய், யாருக்கு என்ன மாத்திரை என்று எழுதி வைக்கும் ஆளாகிவிட்டேன். அந்த வேலை பிடித்துப் போனது.

வீட்டில் "ஒழுங்காக குரூப் 4 படி" என்கிறார்கள். நண்பர்கள் "என்டிஆர்எஃப்ல சேரு" என்கிறார்கள். இதற்கென்று தனிப் படிப்பு வேண்டுமா, தேர்வு எழுத வேண்டுமா, இல்லை தன்னார்வலராகவே போய் ஒட்டிக்கொள்ள வேண்டுமா? வடசென்னையை விட்டுப் போகாமல் இதைச் செய்ய முடியுமா? இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

மணலி_சேஃப்டி
முதலில் என்டிஆர்எஃப் கதையை முடித்துவிடுவோம். தேசியப் பேரிடர் மீட்புப் படைக்கு நேரடி ஆள்சேர்ப்பு கிடையாது. மத்திய ஆயுதக் காவல் படைகளில் இருந்துதான் ஆட்களை அங்கே அனுப்புவார்கள். நம் பக்கத்துக்கு வருவது அரக்கோணத்தில் இருக்கும் 4-வது பட்டாலியன். அதில் இருப்பவர்கள் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை (சிஐஎஸ்எஃப்) வீரர்கள். அந்த ஆரஞ்சு சீருடை வேண்டுமென்றால் முதலில் மத்தியப் படைத் தேர்வை எழுதி உள்ளே போக வேண்டும். அப்புறமும் நீ கேட்ட இடத்துக்கு அனுப்புவார்கள் என்று சொல்ல முடியாது.

தீயணைப்புத் துறை வேறு. சீருடைப் பணியாளர் தேர்வாணையம் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் சேர்த்தே தேர்வு வைக்கிறது. பத்தாம் வகுப்பு போதும், ஆனால் உடற்தகுதி கறாராகப் பார்ப்பார்கள். மேலே இருந்து நுழைய வேண்டுமென்றால் குரூப் 1-ல் துணை ஆட்சியர் பதவியோடு தீயணைப்பு மாவட்ட அலுவலர் பதவியும் வருகிறது.

வேதியியல் படித்தவனுக்கு வடசென்னையில் இன்னொரு வழி இருக்கிறது. அதை யாரும் இந்தத் துறையோடு சேர்த்துப் பேசுவதே இல்லை. தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலர் வேலை. 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் இப்படி ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அபாயகரமான ரசாயனம் கையாளும் இடங்களில் அதைவிடக் குறைந்த ஆட்கள் இருந்தாலே வைக்க வேண்டும். தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் தொழில் பாதுகாப்புக்கு மேல்நிலை டிப்ளமோ நடத்துகிறார்கள். ஆனால் தொழிற்சாலை அனுபவம் கேட்பார்கள். அதனால் முதலில் ஏதாவது ஒரு ஆலையில் ஷிப்ட் கெமிஸ்டாகவோ ஆபரேட்டராகவோ நுழைந்துவிடு.

பாதுகாப்பு அலுவலர் வேலைக்குத் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை உண்டு. தமிழ் தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் வந்தேன். இப்போது எங்கள் ஒப்பந்தப் பிரிவில் தமிழை வைத்து டீகூட வாங்க முடியாது. இந்தி கற்றேன், ஒடியா பாதி வருகிறது.

சும்மா_பார்வையாளன்
பேரிடர் மேலாண்மை என்று தனியாக ஒரு வேலையே நம் ஊரில் கிடையாது. மழை வந்தால் ரெவின்யூக்காரர், கால்வாய் அடைத்தால் கார்ப்பரேஷன்காரர், மரம் விழுந்தால் ஃபயர் சர்வீஸ். மீதி நாளெல்லாம் அவரவர் சொந்த வேலை. இதற்கு டிகிரி வேறு வாங்கி என்ன செய்வது? வீட்டில் சொல்வதைக் கேளுங்கள்.

பழைய_ஆர்ஐ
மேலே சொன்ன நண்பர் கிண்டலாகச் சொன்னாலும் பாதி உண்மை. சட்டப்படி இந்த வேலை வருவாய்த் துறையைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்த பிறகு மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் ஆணையங்கள் வந்தன. சேப்பாக்கம் எழிலகத்தில் மாநில அவசரகாலச் செயல்பாட்டு மையம் இருக்கிறது, எண் 1070. மாவட்டத்துக்கு 1077. மாநகராட்சிக்கு 1913. 2025-ல் சட்டத்தைத் திருத்தி, தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள பெரிய நகரங்களுக்கும் நகர்ப்புறப் பேரிடர் ஆணையம் தனியாக அமைக்க வழி செய்திருக்கிறார்கள். ஆகவே தம்பி, குரூப் 4 படித்து விஏஓ ஆனாலும் நீ இந்த வேலைக்குள்தான் வருகிறாய். வீட்டோடு சண்டை போடத் தேவையில்லை.

ஆனால் "மீதி நாளெல்லாம் சொந்த வேலை" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த வேலை நடப்பதே ஏப்ரலில் இருந்து செப்டம்பர் வரைதான். அக்டோபருக்கு அப்புறம் நடப்பது அதற்கான பரீட்சை.

ஒரு உதாரணம். புழல் ஏரியில் உபரி நீர் திறந்தால் எச்சரிக்கை அறிவிப்பில் ஊர்ப் பெயர்கள் வரிசையாக வரும்: நாரவாரிக்குப்பம், வடகரை, கிராண்ட்லைன், புழல், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையன்குப்பம். டிவியில் ஓடும்போது யாரும் கவனிப்பதில்லை. தண்ணீர் போகும் வழியே அந்த வரிசைதான். கடைசிப் பெயர் சடையன்குப்பம். பூண்டியில் இருந்து வரும் கொசஸ்தலை ஆற்று வெள்ளமும் அந்தப் பக்கம்தான் வருகிறது. இரண்டும் சேர்ந்து எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் கடல் ஏற்றத்தில் இருந்தால் தண்ணீர் வாங்காது. அங்கே மழை நின்று வெயில் அடிக்கும்போதுகூட வீட்டுக்குள் தண்ணீர் ஏறும். "மழைதான் விட்டுப் போச்சே சார்" என்று வாசலில் நிற்பவரிடம் இதைப் புரியவைத்து வண்டியில் ஏற்றுவது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

நான் வருவாய் ஆய்வாளராக (ஆர்ஐ) இருந்தபோது எங்களிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. தெருவாரியாகக் கோடு போட்டு வைத்திருந்தோம். பெயர், கதவு எண் இல்லாத வீட்டுக்கு அடையாளம் ("வேப்பமரத்துக்கு எதிர், நீலக் கதவு"), வீட்டில் நடக்க முடியாதவர் யார், டயாலிசிஸ் போகிறவர் யார், பிரசவ தேதி எப்போது. கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பே இல்லை. அதில் "ஆடு 4", "மகள் கல்யாண நகை", "மாமியார் வரமாட்டார்" என்று எழுதியிருக்கும். ஒருவர் வீட்டை விட்டு வராததற்கு என்ன காரணமோ அது. ஆட்டுக்கு முகாமுக்குப் பக்கத்தில் ஒரு ஷெட் காட்டிவிட்டால் குடும்பமே வந்துவிடும். காட்டாவிட்டால் ஒரு ஆண்பிள்ளை காவலுக்கு நின்றுவிடுவார். அவரைத்தான் இரவு இரண்டு மணிக்குப் படகு வைத்துக் கூட்டிவர வேண்டியிருக்கும்.

அந்த நோட்டை மே மாதத்தில் வீடு வீடாகப் போய்ப் புதுப்பிக்க வேண்டும். வெயிலில் யாருக்கும் பிடிக்காத வேலை. வாடகைக்கு இருப்பவர்கள் பாதிப் பேர் மாறியிருப்பார்கள்.

எண்ணூர்_அலை
ஆர்ஐ சார் சொன்னது சரி. ஆனால் இங்கே எல்லாரும் தண்ணீரைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் குப்பத்தில் 2004 சுனாமிக்கு அப்புறம் தண்ணீரை எப்படிச் சமாளிப்பது என்று எங்களுக்கே தெரியும். துறைமுகத்தில் எத்தனாம் நம்பர் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று பார்த்துப் படகை மேலே இழுத்துப் போட்டுவிடுவோம். 2015 வெள்ளத்திலும் 2023 வெள்ளத்திலும் எங்கள் ஃபைபர் படகுகள் லாரியில் ஏறி ஊருக்குள் போய் ஆட்களை எடுத்தன.

எங்களுக்குத் தெரியாதது ஆலை.

2023 டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 3, 4 தேதிகளில் மழை. 5-ம் தேதி புயல் ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரையேறிவிட்டது, டிவியில் "ஆபத்து நீங்கியது" என்றார்கள். இங்கே வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாயில் எண்ணெய் வந்தது. முகத்துவாரம் முழுக்கக் கறுப்பு. வலை போச்சு, படகின் உடம்பெல்லாம் பிசின். வெள்ளம் எந்த உயரம் வரை வந்தது என்று சுவரில் எண்ணெயே கோடு போட்டுக் காட்டியது. அதை அள்ளியதும் எங்கள் ஆட்கள்தான். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல் மோதியபோதும் வாளியில்தான் அள்ளினார்கள். கிட்டத்தட்ட ஏழு வருஷம் கழித்து அதே டப்பா, அதே கை.

அது முடிவதற்குள் 26-ம் தேதி ராத்திரி பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகும் குழாயில் அமோனியா கசிந்தது. கண் எரிகிறது, மூச்சு அடைக்கிறது, தூக்கத்தில் இருந்து எழுந்து எல்லாரும் ஓடுகிறார்கள். எந்தப் பக்கம் ஓடுவது? அம்மா ஈரத் துண்டை மூஞ்சியில் கட்டிக்கொள் என்று சொல்லித்தான் தப்பித்தோம். அவருக்கு அதை எந்த அதிகாரியும் சொல்லித் தரவில்லை, பழைய ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்த பழக்கம்.

பேரிடர் வேலைக்கு வருகிற தம்பிக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். படகு ஓட்டக் கற்க வேண்டாம், அதற்கு நாங்கள் இருக்கிறோம். நாத்தம் அடித்தால் எங்கே போக வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லுங்கள்.

மணலி_சேஃப்டி
அலை அவர்களுக்கு. உங்கள் அம்மா செய்தது சரியான காரியம். அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும், அதனால் ஈரத்துணி ஓரளவு பிடித்துக்கொள்ளும். ஆனால் எல்லா வாயுவுக்கும் அதே வித்தை பலிக்காது, அங்கேதான் சிக்கல்.

சமையல் வாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு ஊர்ந்து சாக்கடை, பள்ளம் என்று போய்த் தேங்கும், தீப்பொறி பட்டால் முடிந்தது. குளோரினும் கனம்தான், பள்ளத்தில் ஒளிந்தால் மாட்டிக்கொள்வோம், மாடிக்குப் போகலாம். அமோனியா இயல்பில் காற்றைவிட லேசு. ஆனால் குளிராக, மொத்தமாகக் கசிந்தால் காற்றில் உள்ள ஈரத்தோடு சேர்ந்து வெள்ளைப் புகையாக முதலில் தரையோடு படரும், அப்புறம்தான் மேலே எழும். மூன்றுக்கும் பொது விதி ஒன்று: காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, அது அடிக்கும் திசைக்குக் குறுக்காக நடந்து வெளியே வர வேண்டும். புகை போகும் திசையிலேயே ஓடினால் அது நம்மைவிட வேகமாக வரும். கண்ணைத் தண்ணீரால் நிறையக் கழுவ வேண்டும்.

காற்றைப் பார்ப்பதில் உங்கள் ஆட்களை மிஞ்ச ஆள் கிடையாது. ராத்திரி நிலக்காற்று எப்போது திரும்பும் என்று கட்டுமரக்காரருக்குத் தெரிந்த அளவு எங்கள் கன்ட்ரோல் ரூமுக்குத் தெரியாது.

சும்மா_பார்வையாளன்
ஆலைக்காரர்கள் மாக் டிரில் நடத்துகிறார்களே, என்ன ஆச்சு? ஸ்ட்ரெச்சரில் ஒருவரைப் படுக்கவைத்து நாலு போட்டோ, பிறகு பிரியாணி. சரிதானே?

மணலி_சேஃப்டி
பல இடத்தில் சரிதான், மறுக்கவில்லை. அபாயகரமான ரசாயனங்களுக்கான 1989 விதிகளின்படி ஆலைக்குள்ளான அவசரத் திட்டத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்த வேண்டும். ஆலைக்கு வெளியே ஊருக்கான திட்டம் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு, அதற்கு வருஷத்துக்கு ஒருமுறையாவது ஒத்திகை வேண்டும். போபாலுக்குப் பிறகு வந்த விதிகள் இவை. உள் ஒத்திகை நடக்கிறது. வெளி ஒத்திகையும் பெரும்பாலும் ஆலை கேட்டிலேயே நின்றுவிடுகிறது. ஊர் மக்கள் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று சைரன் சத்தத்தைக் கேட்டுவிட்டு "டெஸ்டிங் போல" என்று போய்விடுகிறார்கள். நிஜமாகவே ஒருநாள் அடித்தாலும் அதையேதான் சொல்வார்கள்.

பழைய_ஆர்ஐ
இதில் எல்லைப் பிரச்சினையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூர், மணலி, மாதவரம் மூன்றும் 2011-ல் மாநகராட்சிக்குள் வந்தன. வருவாய் மாவட்டக் கணக்கில் 2018 வரை திருவள்ளூர். குப்பைக்குச் சென்னை, பட்டாவுக்குத் திருவள்ளூர். வெள்ளம் வந்தால் யார் முகாம் திறப்பது, யார் அரிசி கொடுப்பது என்பதற்கே இரண்டு பக்கமும் போன் போட வேண்டியிருந்தது. இப்போது அது சரியாகிவிட்டது. ஆனால் முகத்துவாரத்துக்கு வடக்கே அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி இன்னும் திருவள்ளூர்தான். அனல்மின் நிலையம், துறைமுகம், டேங்க் எல்லாம் இரு கரையிலும் இருக்கின்றன. ஒரு கரையில் கசிந்தால் மறுகரைக்காரர் இன்னொரு மாவட்டத்தின் கட்டுப்பாட்டு அறையில் இருந்து தகவல் வரக் காத்திருக்க வேண்டும்.

என் கருத்து இதுதான். வடசென்னையில் வெள்ளம் ஒரு துறை, ரசாயனம் ஒரு துறை என்று பிரித்து வைத்திருக்கிறோம். ஆனால் இங்கே அவை சேர்ந்தே வருகின்றன. பம்பு மூழ்கினால் மின்சாரம் போகும், மின்சாரம் போனால் ஆலையை அவசரமாக நிறுத்த வேண்டும், நிறுத்தும்போது எதையாவது எரித்து வெளியேற்றுவார்கள். அந்நேரம் ஊர் முழங்கால் தண்ணீரில் நிற்கும். "காற்றுக்குக் குறுக்கே நட" என்கிறார் சேஃப்டி சார், எங்கே நடப்பது? இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்கும் ஆள் எந்த அலுவலகத்திலும் எனக்குத் தட்டுப்படவில்லை. தம்பி வேதியியல் படித்தவன், முகாமில் கணக்கு எழுதியவன். அந்த நாற்காலிக்கு இவனைப் போன்றவர்கள்தான் வர வேண்டும்.

ராயபுரம்_சிஸ்டர்
நாற்காலி எல்லாம் அப்புறம். முகாமில் முதலில் கழிப்பறையைப் பாருங்கள். நான் அரசு மருத்துவமனையில் செவிலியர், மழைக்கால முகாம்களுக்குப் போயிருக்கிறேன். ஆண்கள் திட்டம் போட்டால் சாப்பாடு பிரமாதமாக இருக்கும், பெண்கள் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். கழிப்பறையில் விளக்கு இல்லை, தாழ்ப்பாள் இல்லை, அதனால் போகாமல் அடக்குவதற்காகக் குடிப்பதில்லை. மூன்றாம் நாள் சிறுநீர்த் தொற்றோடு எங்களிடம் வருவார்கள். நாப்கின் பெட்டியை ஒரு ஆண் தன்னார்வலரின் மேசையில் வைத்திருந்தால் யார் போய்க் கேட்பார்கள்?

இன்னொன்று, இன்சுலின். வீட்டில் பிரிட்ஜில் விட்டுவிட்டு ஓடி வந்திருப்பார்கள். வலிப்பு மாத்திரை, மனநல மாத்திரை நின்றுபோனாலும் ஆபத்து. குமார் தம்பி மருந்துக்கடையில் இருக்கிறார் என்கிறார், அதைச் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். தெருவில் யார் எந்த மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று உங்கள் கடைக்குத் தெரிந்த அளவுக்கு ஆர்ஐ சார் நோட்டுக்கும் தெரியாது. (சும்மா எழுதி வைத்துவிடாதீர்கள், அவர்களைக் கேட்டுவிட்டு.)

வெள்ளம் வடிந்த பிறகு எலிக்காய்ச்சல் வரும். சேற்றில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு, முக்கியமாகத் தூய்மைப் பணியாளர்களுக்கு, டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுப்பதை நாங்கள் நினைவுபடுத்தினால்தான் நடக்கிறது. வெளியூரில் இருந்து கூட்டிவந்த பணியாளர்கள் தூங்கும் மண்டபத்தையும் யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

கொருக்குப்பேட்டை_குமார்
இவ்வளவு பதில் எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. சிஸ்டர் சொன்னதைக் கடை ஓனரிடம் சொன்னேன், சிரித்தார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நேராகவே கேட்கிறேன். சம்பளம்? தொண்டு நிறுவனங்களில் திட்டத்துக்குத் திட்டம் ஒப்பந்தம் என்கிறார்கள். அது சரிப்படுமா? அஞ்சல் வழியில் ஏதாவது படித்தால் மதிப்பு உண்டா?

திருவிக_மேப்பர்
ஒப்பந்தம்தான், மறைக்க ஒன்றுமில்லை. நான் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் வெள்ள வரைபடம் போடுகிறேன். திட்டம் இருக்கும்வரை சம்பளம் பரவாயில்லை, முடிந்தால் அடுத்த திட்டத்துக்கு ஓட வேண்டும். கொசஸ்தலை வடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் மழைநீர் வடிகால் போடுகிறார்கள், அதுபோன்ற திட்டங்களை ஒட்டித்தான் எங்கள் பிழைப்பு.

இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பேரிடர் மேலாண்மைக்கு முதுநிலை டிப்ளமோ வெகுநாளாக உண்டு. முழுநேரப் படிப்பு வேண்டுமென்றால் மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். அதற்கு ஊரை விட்டுப் போக வேண்டும். சான்றிதழைவிட கியூஜிஐஎஸ் கற்றுக்கொள், வரைபடம் போடும் இலவச மென்பொருள். ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய், கொடுங்கையூர்க் கால்வாய் எல்லாம் பக்கிங்காமில் எங்கே சேர்கின்றன என்று நீயே ஒரு படம் போட்டுப் பார். கணேசபுரம் சுரங்கப்பாதை ஏன் முதலில் நிரம்புகிறது என்பது அப்போது தானாகப் புரியும்.

ஆப்த மித்ரா என்று தன்னார்வலர்களுக்கு அரசு தரும் பேரிடர்ப் பயிற்சி கிடைத்தால் விடாதே. முதலுதவி, கயிறு, படகு எல்லாம் சொல்லித் தருகிறார்கள். வேலை உத்தரவாதம் இல்லை, ஆனால் மண்டல அலுவலகத்தில் உன் முகம் தெரிய ஆரம்பிக்கும்.

சும்மா_பார்வையாளன்
ஆக மொத்தம்: ஆலைக்குப் போ, தேர்வும் எழுது, வரைபடமும் போடு, மருந்துக்கடையையும் விடாதே. நல்ல ஆலோசனை.

பழைய_ஆர்ஐ
நக்கலாகச் சொன்னாலும் வரிசை அதேதான். முதலில் ஆலை வேலை, அதில் சோறு வரும். குரூப் தேர்வுக்கு வயது இருக்கிறது, பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். ஒப்பந்தத்தை மட்டும் நம்பி வீட்டை நடத்த வேண்டாம் என்பேன்.

எண்ணூர்_அலை
சேஃப்டி சார், ஒரு கேள்வி பாக்கி. ஊருக்கான திட்டம் மாவட்ட நிர்வாகத்திடம் இருக்கிறது என்றீர்கள். அதை நாங்கள் கேட்டால் கொடுப்பார்களா? இல்லை ரகசியமா?

மணலி_சேஃப்டி
முழுத் திட்டத்தில் ஆலையின் உள் வரைபடம் எல்லாம் இருக்கும், அதைத் தர யோசிப்பார்கள். ஆனால் உங்களுக்குத் தேவையானது வேறு. 1989 விதிகளில் 15-வது விதி, விபத்தால் பாதிக்கப்படக்கூடிய வெளியாட்களுக்கு என்ன ஆபத்து, என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதைத் தெரிவிக்க வேண்டும் என்று ஆலைக்காரர் மேலேயே கடமை வைக்கிறது. 1996-ல் வந்த ரசாயன விபத்து விதிகள் மாவட்ட அளவிலும் உள்ளூர் அளவிலும் நெருக்கடிக் குழு வைக்கச் சொல்கின்றன. கேட்டால் உள்ளூர்க் குழு தகவல் தர வேண்டும். இந்த இரண்டு விதியையும் எண் போட்டு எழுதுங்கள். "எங்கள் குப்பத்துக்கு எந்த வாயு, எந்தச் சைரன், எங்கே கூடுவது, தமிழில் ஒரு பக்கம்" என்று மட்டும் கேளுங்கள். நீளமாகக் கேட்டால் நீளமாகத் தள்ளிப் போடுவார்கள்.

எண்ணூர்_அலை
எழுத்து நமக்குக் கொஞ்சம் இழுக்கும். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசிக் கையெழுத்து வாங்கிவிடுவேன். மனுவை யாராவது எழுதிக் கொடுத்தால் நல்லது.

கொருக்குப்பேட்டை_குமார்
நான் எழுதுகிறேன் அண்ணா. ஞாயிற்றுக்கிழமை கடை மதியத்தோடு மூடிவிடும், எண்ணூர் வரட்டுமா? ஆர்ஐ சார், மனு யார் பெயருக்குப் போக வேண்டும், நகல் யாருக்கு என்று மட்டும் சொல்லுங்கள்.

பழைய_ஆர்ஐ
மாவட்ட ஆட்சியருக்கு. நகல் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் மாநகராட்சி மண்டலம் 1 அலுவலருக்கும். நேரில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கு. அதில் தேதி முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வா.